ராத்தாவின் போனில் நான் அழித்தது

மார்ச் 2

கணிதக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நோன்பு விடுமுறையில் இதை யார் திறக்கப் போகிறார்கள்?

இன்றும் ராத்தா நோன்பு துறக்க வீட்டுக்கு வந்தாள். இன்டர்ன் டொக்டராகி மூன்று மாதம். முதல் மாதம் முழுக்கக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். இப்போது அப்படியில்லை. வார்டில் சீனியர் டொக்டர் நிஷாந்தி இருக்கிறார். ஆறு மணிக்கு அவருடைய வேலை முடிந்தாலும், ராத்தா வீட்டுக்கு வந்து திரும்பும்வரை அவர்தான் வார்டில் நிற்பார். ஏழரைக்கு ராத்தா போனதும், எட்டு மணிக்கு அவருடைய ஊரான நாவுலவுக்குப் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிப்பார். "போயிட்டு வாங்க நுஸ்லா. எனக்கும் கொஞ்சம் கஞ்சி கொண்டாங்க" என்பாராம். நான் இவளை ராத்தா என்பதுபோல, ராத்தா அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள்.

மார்ச் 4

என்ன செய்துவிட்டேன்.

ராத்தா தொழுதுவிட்டு முசல்லாப் பாயிலேயே சாய்ந்து தூங்கிவிட்டாள். ஏழு மணிக்கு எழுப்பு என்று என்னிடம்தான் சொன்னாள். முகத்தைப் பார்த்தேன். இரண்டு நாளாகத் தூங்காத முகம். இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஏழரைக்கு அவளுடைய போன் அடித்தது. 'நிஷாந்தி அக்கா.' நான் கட் பண்ணினேன். மறுபடி அடித்தது. ஐந்து தடவை. ஐந்து தடவையும் கட் பண்ணினேன்.

ஒன்பது மணிக்கு ராத்தா தானாகத் துள்ளி எழுந்தாள். அவள் முகம் போன போக்கில் எனக்குப் பயம் பிடித்தது. அவள் முகம் கழுவப் போன நேரத்தில் போனிலிருந்து ஐந்து கோலையும் அழித்துவிட்டேன்.

"எழுப்பினேன் ராத்தா, நீங்கதான் எழும்பல்ல" என்றேன். கோல் வந்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

மார்ச் 5

டொக்டர் நிஷாந்திக்குப் பஸ் தவறிவிட்டதாம். வீட்டில் அவருடைய சின்ன மகளுக்குக் காய்ச்சலாம். விடியும்வரை வார்டுக் கதிரையில் இருந்தாராம்.

ராத்தா மன்னிப்புக் கேட்டுவிட்டு, கோல் எதுவும் வரவில்லை, நெட்வேர்க் பிரச்சினை போல என்று சொல்லியிருக்கிறாள். அவர் தன் போனைக் காட்டினாராம். "ரெண்டு ரிங்ல கட் ஆகுது நுஸ்லா. அஞ்சு தடவையும். நெட்வேர்க் அப்படிப் பண்ணாது."

ராத்தா போனைக் கடையில் கொடுத்துப் பார்த்தாள். ஒரு பழுதும் இல்லை என்றார்களாம்.

மார்ச் 8

ராத்தா இப்போது துறக்க வருவதில்லை. தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொண்டு வார்டிலேயே துறக்கிறாள். இன்று பகல் வந்தபோது உம்மாவிடம் சொன்னாள். "நான் எழுதுற பிரஷர அவங்க மறுபடி போய் அளக்குறாங்க உம்மா. நோயாளிக்கு முன்னால."

அதிலென்ன என்றார் உம்மா.

"ராவைக்கு நான் போன்ல செல்லுற கணக்க வச்சுத்தான் அவங்க மருந்து செல்லணும். நான் பொய் செல்லுறவ எண்டா, என்னத்த நம்புற?"

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவியதையே கழுவினேன்.

தூங்க விட்டது பாவமா? அது இல்லை. அழித்ததுதான். நான் அழித்தேன், ராத்தா பொய்க்காரியானாள்.

மார்ச் 9

சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

மார்ச் 11

ராத்தாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அவள் ஒரு நோயாளியோடு ஸ்கேனுக்குப் போயிருந்தாள். வார்டு வாசலில் டொக்டர் நிஷாந்தி நின்றார். நான் நினைத்ததைவிடக் கட்டை. காலில் றப்பர் செருப்பு.

"நீ தங்கச்சியா?" என்றார். அவ்வளவுதான், எல்லாம் வெளியே வந்துவிட்டது. அழுகையில் பாதி அவருக்கு விளங்கியிருக்காது. நான்தான் கட் பண்ணினேன், நான்தான் அழித்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

திட்டுவார் என்று நின்றேன்.

"அக்காகிட்ட சொல்லிட்டியா?"

இல்லை என்றேன்.

"என்கிட்ட முதல்ல சொன்னா எப்படிம்மா? பொய் சொன்னாங்கன்னு பேர் வாங்கினது அவங்க. வீட்டுக்குப் போய் அவங்ககிட்ட சொல்லு. அவங்க பேசட்டும் என்கிட்ட."

கஞ்சியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மார்ச் 12

சொல்லிவிட்டேன். ராத்தா கத்துவாள் என்று நினைத்தேன்.

"கட் பண்ணினத விடு. ஏன், மபாஸா, அழிச்ச?"

பயத்தில் என்றேன்.

"எனக்குப் பயமில்லையா அந்த வார்டுல? எனக்கு அவங்க ஒராள்தான் இருந்தாங்க."

போனின் லொக் நம்பரை எனக்குத் தெரியாத ஒன்றாக மாற்றிவிட்டாள்.

மார்ச் 15

பேசவில்லை. நான் சலாம் சொன்னால் ராத்தாவிடமிருந்து பதில் மட்டும் வருகிறது.

மார்ச் 18

இன்று ராத்தா துறக்க வருவதாகச் சொல்லியிருந்தாள். உம்மா அவளுக்குப் பிடித்த ரோல்ஸ் பொரித்தார். ஆறு மணியாகியும் வரவில்லை. மறுபடி என்ன?

நோன்பு துறக்கும் பாங்குக்குச் சற்று முன் உம்மாவின் போனுக்குக் குரல் மெசேஜ் வந்தது. உம்மா எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"உம்மா, நான் வரல்ல. நிஷாந்தி அக்காட மகளுக்கு நர்சரி கொன்சர்ட். நாலு மணிக்கே போயிட்டாங்க. வார்ட நம்பி எனக்கிட்ட தந்துட்டுப் போயிருக்காங்க. இனி நாளைக்குத்தான் வருவாங்க."

நோன்பு நாளிலும் இவளைத்தான் நிறுத்த வேண்டுமா என்று உம்மா முணுமுணுத்தார். நான் குசினிக்குள் போய் அடுப்படிச் சுவரைப் பார்த்து நின்றேன்.

எனக்கென்று அந்த மெசேஜில் ஒரு சொல்லும் இல்லை.