நான் எழுதிய பிரியாணி

இன்று காலை வீட்டுத் தண்ணீர் மோட்டார் நின்றுபோனது. வார்னிஷ் கருகிய வாடை வந்ததும் கை தானாக உங்களுக்குப் போன் போட்டது. மணி அடிக்கும்போதுதான் நீங்கள் இல்லை என்பது உறைத்தது. அழுகை ஒன்றும் வரவில்லை. ஏழு மாதமாக இப்படித்தான் மரத்துப்போய்க் கிடக்கிறேன்.

பீளமேட்டு பம்ப் கம்பெனியில் இருபத்தாறு வருடம் அடுத்தடுத்த மேசை நமக்கு. ஓடுகிற மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தே பேரிங் போனதா, காயில் கம்பி போனதா என்று சொல்லிவிடுவீர்கள். மதியம் உங்கள் டப்பாவில் தயிர்ச்சோறும் நார்த்தங்காயும்தான். வயிற்றுப்புண்ணுக்குப் பயந்து கறியைத் தொடமாட்டீர்கள். உங்கள் பங்கையும் நானே தின்கிறேன் என்று கேலி செய்வேன்.

ஒருநாள் கேன்டீன் டிவியில் ஏதோ படம். தொப்பி போட்ட ஒருவன் குண்டு வைத்தான். நாங்கள் எல்லோரும் தட்டையே பார்த்தோம். நீங்கள்தான் சிரித்தீர்கள். "எங்களுக்கு ரெண்டே வேசந்தானுங்க. குண்டு வெக்கோணும், இல்லீன்னா பிரியாணி போட்டு ஒத்துமையை வளக்கோணும். மோட்டார் கழட்டறவனா ஒருத்தனையும் காட்டமாட்டேங்கறாங்க." நானும் சிரித்தேன்.

இறந்தவரைப் பற்றிப் பக்கத்து மேசைக்காரர் இரங்கல் எழுதுவது நம் கம்பெனி வழக்கம். உங்களுக்கு நான் எழுதினேன். பேனாவைத் திறந்ததும் வரிகள் தாமாக வந்து விழுந்தன. 'மத நல்லிணக்கத்தின் அடையாளம். பெருநாள்தோறும் தம் கையால் பிரியாணி சமைத்து அனைவருக்கும் பரிமாறியவர்.' அருமை என்றார் மேனேஜர். ஃபிரேம் போட்டு உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

உங்கள் மனைவி இரண்டு தடவை படித்தார். "ஏனுங்ணா, இவுரு எப்பங்ணா பிரியாணி செஞ்சாரு? அடுப்புப் பக்கமே வந்ததில்லீங்களே." கோபமில்லை, புரியாமல்தான் கேட்டார். என் முகத்தைப் பார்த்தவர், "பரவால்லீங்ணா, நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்று காபி வைக்கப் போனார்.

அதற்குள் உங்கள் பேத்தி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள். "பாட்டி, தாத்தா பிரியாணி செய்வாரா?"

உள்ளே அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆமா கண்ணு. அவரு கூடவே இருந்தவங்க எழுதியிருக்காங்கல்ல."

இல்லை அம்மணி, உன் தாத்தா தயிர்ச்சோறு தின்கிற மெக்கானிக் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இருபத்தாறு வருடம் பார்த்த உங்களை விட்டுவிட்டு, சினிமாவில் பார்த்த ஆளை உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டேன்.