ஆறாம் கேள்விக்கு ஆட்சேபணை

பதிவு 1
தேர்வுக்கு நான்கு நாள் முன், காலை 7.00

காற்று சீர். வெப்பம் இருபத்து நான்கு. தண்ணீர் போதும். உப்புமாப் பொட்டலம் இரண்டு தின்றேன், இரண்டும் ஒரே ருசியில் மோசம்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் கோமதி அருணகிரி, சங்கரன்கோவில், கணிதப் பேராசிரியை. தேசியப் பள்ளிக் கணிதப் போட்டிக்கு இந்த ஆண்டு வினாத்தாள் அமைப்பவள். தரையில் எந்த அறையில் பூட்டினாலும் கேள்விகள் வெளியே கசிகின்றன என்று, அமைப்பவரைச் சிறு விண்கூட்டில் ஏற்றிப் பூமியைச் சுற்ற விட்டுவிடுகிறார்கள். கீழே பேசுவது எனக்குக் கேட்கும். நான் பேசினால் கீழே போகாது. முன்பு ஆபத்து மணி இருந்ததாம். ஒரு மகானுபாவர் விடைகளை மணியடித்தே மகனுக்குச் சொல்லிவிட்டார். அதோடு மணியையும் கழற்றிவிட்டார்கள்.

கேள்வி பத்து. ஒன்பது தயார். ஆறாவது பிடிக்கவில்லை, கிழித்துப் போட்டேன்.

பதிவு 2
தேர்வுக்கு இரண்டு நாள் முன், காலை 9.20

மூச்சுக்காற்றின் நச்சை உறிஞ்சும் டப்பா கெட்டுக்கொண்டிருக்கிறது. முதல் நாள் முழு வேலை செய்தது. மறுநாள் பாதி. இன்று கால். மாற்று டப்பா ஒன்றுதான், அதுவும் இதே சரக்கு. அதுவும் இப்படித்தான் பாதி பாதியாகக் குறையும்.

பதறிப் பயனில்லை, கணக்குப் போட்டேன். புது டப்பாவை மாட்டும்போது சேமிப்புக் காற்று ஒரே ஒரு முறை கூட்டை அலசி, சேர்ந்த நச்சை வெளியேற்றும்; தேர்வு நாள் காலையில் மாட்டுவதாக வைத்துக்கொள்கிறேன். அதற்குப் பின் எட்டாம் நாள் முடிவில் எனக்கு மூச்சு இல்லை.

தேர்வு நாளே முதல் நாள். விடைக்குறிப்பு மூன்றாம் நாள். மாணவர் ஆட்சேபணை ஆறாம் நாள் வரை. இறுதி விடைக்குறிப்பு ஏழாம் நாள் மாலை, உடனே கூடு தானாக இறங்கும். ஆக, எனக்குக் கையில் ஒரு நாள் மிச்சம்.

ஒரு நாளை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார என்னால் முடியாது. இறங்குவது ஒரு நாள் தள்ளிப் போனால் என்ன செய்வது? இந்தக் குழு எதையாவது சொன்ன நாளில் செய்து நான் பார்த்ததில்லை.

பதிவு 3
அதே நாள், பகல் 1.45

கீழே போவது ஒன்றே ஒன்று: வினாத்தாள். ஆறாம் கேள்வியின் இடத்தில், "டப்பா கெட்டுவிட்டது, என்னை இறக்குங்கள்" என்று எழுதினேன். கேள்விகளைச் சரிபார்க்கும் இயந்திரத்தின் பெயர் முத்திரை.

முத்திரை: "இது கேள்வி அல்ல. விடை இல்லை. நிராகரிக்கப்பட்டது."

"என்னை இறக்க எத்தனை நாள் ஆகும்?" என்று மாற்றினேன்.

முத்திரை: "தரவு போதாது. நிராகரிக்கப்பட்டது."

இயந்திரத்தைக் காலால் ஒரு உதை விட்டேன். எடையில்லாத இடத்தில் உதைத்தால் உதைத்தவள்தான் சுவரில் போய் முட்டுவாள். நெற்றி வீங்கிவிட்டது.

பதிவு 4
தேர்வுக்கு ஒரு நாள் முன், மாலை 4.10

ஏற்றுக்கொண்டது. இதுதான் கேள்வி:

"மூடிய அறையில் ஒருவர் தனியாக இருக்கிறார். உள்ளிருந்து கதவு திறக்காது. வெளியே சொல்ல வழியில்லை. அவர் மூச்சால் நாளொன்றுக்கு ஒரு பங்கு நச்சு சேர்கிறது. அதை உறிஞ்சும் கருவி முதல் நாள் ஒரு பங்கையும், பிறகு ஒவ்வொரு நாளும் முந்தைய நாளில் பாதியையும் நீக்கும். அறையில் ஆறு பங்கு சேர்ந்தால் உயிர் தங்காது. உயிர் போவது எத்தனையாம் நாள்?"

முத்திரை: "கதவு பற்றிய வாக்கியம் கணக்குக்குத் தேவையில்லை. காரணம்?"

மாணவரின் கவனத்தைச் சோதிக்க என்று சொன்னேன். நம்பிவிட்டது.

அழகான கணக்கு. கருவி எத்தனை காலம் ஓடினாலும் மொத்தத்தில் இரண்டு பங்குக்கு மேல் நீக்காது. ஆறும் இரண்டும் எட்டு. இந்த நிலையிலும் அதை ரசித்தேன். எனக்கே என் மீது எரிச்சல் வந்தது.

பதிவு 5
முதல் நாள், காலை 10.00

டப்பா மாட்டியாயிற்று. கீழே தேர்வு தொடங்கிவிட்டது. லட்சக்கணக்கான பிள்ளைகள் இந்த நிமிடம் என் சாவைக் கணக்குப் போடுகிறார்கள். ஒருவராவது நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

பதிவு 6
மூன்றாம் நாள், காலை 11.30

குழுத் தலைவர் செண்பகராமன் பேசினார். எம்.எஸ்சி.யில் என்னோடு ஒரே வகுப்பு.

"என்னம்மா கோமதி, நல்லா இருக்கியா? நீ பேச முடியாது, நான் பேசுதேன் கேட்டுக்கோ. ஆறாம் கேள்வியப் பத்தித்தான் ஊரெல்லாம் பேச்சு. டீவிக்காரன்கூட கேக்கான், யாரு சார் இவ்ளோ அழகா யோசிச்சதுன்னு. பேரச் சொல்லக்கூடாதுல்லா, சிரிச்சு மழுப்பிட்டேன்."

செண்பகராமா, மரமண்டை! கேள்வியை நன்றாக அமைத்ததுதான் நான் செய்த தப்பு. கோணல்மாணலாக எழுதியிருந்தால் கோமதிக்கு என்ன ஆயிற்று என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

தலை கனக்கிறது.

பதிவு 7
ஐந்தாம் நாள், பகல் 12.05

ஆட்சேபணைகள் குரல் பதிவாக வருகின்றன. எனக்கு இரண்டே பொத்தான்: ஏற்கிறேன், மறுக்கிறேன். காலையிலிருந்து நூற்றுக்கு மேல் மறுத்துவிட்டேன். "எட்டுன்னு போட்டேன், அடிக்கோடு போடல, மார்க் உண்டா?" என்கிறான் ஒருவன். "அவர் மூச்சை அடக்கிக்கொண்டால்?" என்கிறான் இன்னொருவன். அடக்கிப் பார்த்தேன் தம்பி, பலிக்கவில்லை.

பதிவு 8
ஆறாம் நாள், மாலை 3.50

வந்துவிட்டது! அப்படியே எழுதுகிறேன்.

"வணக்கம். எம்பேரு தெய்வயானை. மானாமதுரை, பத்தாப்பு. ஆறாவது கேள்விக்கு எட்டுன்னு போட்டேன், கரெக்ட்டுதான். ஆனா கதவு தெறக்காதுன்னு எதுக்குப் போட்டீங்க? சொல்ல வழியில்லன்னு எதுக்குப் போட்டீங்க? கணக்குக்கு அது வேணாமே. வேணாத்தக் கேள்வில போட மாட்டாங்கன்னு எங்க மிஸ் சொல்லுவாங்க. அப்ப இது நெசமா? யாராச்சும் உள்ள இருக்காங்களா? பரீட்சை முடிஞ்சதுலருந்து எனக்குச் சோறு எறங்கல. நெசம்னா இத ஏத்துக்கங்க. பொய்னா மறுத்துருங்க."

பின்னால் ஒரு பெண்குரல்: "ஏய், போன வைடி, மார்க்கு கொறச்சிரப் போறாங்க!"

அழுதேன். இங்கே கண்ணீர் கீழே விழுவதில்லை, கண்ணிலேயே திரண்டு நின்று பார்வையை மறைக்கிறது. அதைத் துடைத்துவிட்டுப் பொத்தானைத் தேடி அழுத்தினேன். ஏற்கிறேன். ஏற்கிறேன் அம்மா, நிஜம்தான்.

இனி கீழே யாராவது அந்தக் குரலைக் கேட்பார்கள். நாளைக்குள் இறக்கிவிடுவார்கள்.

பதிவு 9
ஏழாம் நாள், மாலை 6.00

கூடு இறங்கவில்லை.

6.20. செண்பகராமன்:

"கோமதி, ஒண்ணும் வருத்தப்படாத. யானைக்கும் அடி சறுக்கும்னு நான் பழமொழி சொல்லப் போறதில்ல, மனுசன்னா ஒரு தப்பு வரத்தான் செய்யும். ஆறாம் கேள்விக்கு ஒரு ஆட்சேபணைய நீயே ஏத்துக்கிட்ட. அமைச்சவங்களே ஏத்துக்கிட்டா நாங்க உள்ள போயி என்னன்னு கேக்க மாட்டோம், கேள்வி தப்புன்னுதான் அர்த்தம். ரத்து பண்ணியாச்சு. முயற்சி பண்ணவங்களுக்கெல்லாம் முழு மார்க். ஒன் பேரு கெடாம நான் பாத்துக்கிட்டேன். விடைக்குறிப்பு மாறுனதால மறுபடியும் ஆட்சேபணைக்கு ஏழு நாளு. அதுவரைக்கும் நல்லா ரெஸ்ட் எடு."

முப்பது ஆண்டுகளில் என் கேள்வி மீது வந்த ஓர் ஆட்சேபணையையும் நான் ஏற்றதில்லை. அதனால் ஏற்றால் என்ன நடக்கும் என்று விதியைப் படித்ததே இல்லை. மறுத்திருந்தால் இந்நேரம் தரையில் இருப்பேன். வாயைப் பொத்திக்கொண்டு பழைய ஆறாம் கேள்வியையே வைத்திருந்தாலும் தரையில் இருப்பேன்.

பயமாக இருக்கிறது.

பதிவு 10
எட்டாம் நாள், பகல் 2 போல

விரல் மரத்துப்போகிறது. எழுத்து தப்பினால் பொறுத்துக்கொள்ளவும்.

முத்திரை ஒரு குரலைப் போட்டது. அவள்தான். மூச்சிரைக்கிறது, ஓடி வந்திருக்கிறாள்.

"ஏத்துக்கிட்டீங்கன்னு வந்துச்சு. அப்ப நெசந்தான? எனக்கு முழு மார்க்கு வேணாம். அவங்க எங்க இருக்காங்கன்னு சொல்லுங்க. பரீட்சைலருந்து எண்ணுனா இன்னைக்கு எட்டாவது நாளு. யாராச்சும்..."

முத்திரை: "மாணவர் ஒருவருக்கு ஓர் ஆட்சேபணையே அனுமதி. இது பதிவாகாது."

நடுவில் வெட்டிவிட்டது. பொத்தான் இரண்டும் அணைந்துவிட்டன. கையால் அடித்துப் பார்த்தேன். அவள் இந்நேரம் பள்ளிக்கூடத்தில் யாரையோ பிடித்து உலுக்கிக்கொண்டிருப்பாள். அவர்கள் அவளிடம் போ, போய்ப் படி என்பார்கள்.

பதிவு 11
மணி தெரியவில்லை

கண்டெடுப்பவருக்கு. செண்பகராமனிடம் சொல்லவும். கேள்வி தப்பில்லை. ரத்தை நீக்கச் சொல்லவும். எல்லாருக்கும் கொடுத்த மார்க்கைத் திரும்ப வாங்கச் சொல்லவும். எட்டு என்று எழுதியவர்களுக்கும் வேண்டாம். அந்தக் கணக்கை முழுதாகப் போட்டவள் ஒருத்திதான், மானாமதுரை, பத்தாம் வகுப்பு, அவளுக்கு மட்டும் முழு ம