கண்ணாடி தெறித்த நேரம்

அன்புள்ள பகவதிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? அத்தைக்கு மூட்டுவலி குறைந்ததா? பூனாவில் நான் சுகம். போனில் சொன்னால் பாதியிலேயே அழுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

லேசர் ஆபரேஷனுக்கு முன் கண்ணில் லென்ஸ் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், பழைய கண்ணாடியோடு மண்டிக்குப் போனேன். எதிர்க்கடைக்காரன் நம் தேங்காய் லாரியை மறித்தான். கேட்டதற்கு என் முகத்தில் குத்தினான். கண்ணாடி தெறித்தது, பிறகு எல்லாம் புகைதான். பின்னாலிருந்து ஒருவன் தோளைப் பிடித்து இழுத்தான். திரும்பி, கையில் அகப்பட்ட தேங்காயால் அவன் வாயில் அடித்தேன். விழுந்தவனை மிதித்தேன். எதிர்க்கடைக்காரன் சிரிப்பு வேறு பக்கத்தில் கேட்ட பிறகுதான் கால் நின்றது.

"அத்தான், நானாக்கும்."

விலக்க வந்த உன் தம்பி சபரீஷ்.

முன்பற்கள் போய்விட்டன, உதட்டில் தையல். மற்றபடி பயமில்லை. கஞ்சியைக் கரைத்துக் கொடுத்தால் குடிக்கிறான். "கண்ணுக்கு மருந்து நான்தான் விடுவேன் அத்தான். பல்லுதானே போச்சு, கை உண்டும்லா" என்கிறான்.

பெற்றவளாயிற்றே, அத்தையிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். அடுத்த வாரம் ஆபரேஷன். அதற்குள் பாறசாலையில் ரயில் ஏறிவிடு. பனச்சமூட்டில் முகம் துடைக்க மெல்லிய துவர்த்து இரண்டு வாங்கு. இங்குள்ள துண்டு கண்ணில் உரசுகிறது. சபரீஷுக்குக் குருணை அரிசி கொண்டு வா. கண் தெளிந்ததும் முதலில் அவன் வாயைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். அப்போது நீ பக்கத்தில் இரு.

லாரி வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

தாணுமாலயன்