தாம்பாளத்துப் பீடிக்கட்டு

பெரியப்பா,

இன்று கணக்கு வகுப்பில் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்ததும் கிராம்பு வாசனை வந்தது. ஓரத்தில் இரண்டு கிராம்பு கிடந்தன. பீடியை விட்ட பிறகு, ஆசை வரும்போதெல்லாம் மெல்வதற்காக நீங்கள் வாங்கியவை. "நீயும் கொஞ்சம் வச்சுக்க. எங்கிட்ட தீந்துபோனா ஒங்கிட்ட ஓடி வாரேன்" என்றீர்கள்.

நம் ஊரில் கல்யாணமானாலும் துக்கமானாலும் வாசலில் தாம்பாளம் வைப்பது உங்கள் வேலை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, நடுவில் பீடிக்கட்டு. கட்டின் மேல் அச்சிட்டிருக்கும் புற்றுநோய்ப் படம் அடியில் போகும்படி திருப்பி வைப்பீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "வந்தவுக பயந்துறக் கூடாதுல்ல" என்று சிரித்தீர்கள்.

போன வருடம் கிராம சபையில் சுகாதார நர்ஸ் எழுந்து, விசேஷ வீட்டுத் தட்டில் இனி பீடி, சிகரெட் வைப்பதில்லை என்று தீர்மானம் போடலாமா என்று கேட்டார். அப்போதுதான் எங்கள் பள்ளியைச் சுற்றித் தூரம் அளந்து, அதற்குள் புகையிலை விற்கக் கூடாது என்று மஞ்சள் கோடு போட்டிருந்தோம். அந்தப் பெருமையில் நானும் வந்திருந்தேன். மறுத்து எழுந்தவர் நீங்கள்தான்.

"கடையில தடுங்க, பள்ளிக்கூடத்துல தடுங்க. வீடு தேடி வந்தவுகளுக்கு ஒரு பீடி குடுக்காட்டி அது என்னங்க மரியாதை?"

கூட்டம் சிரித்தது. பேச்சு அதோடு முடிந்தது.

சில மாதங்களில் உங்கள் இருமல் நிற்காமல் போனபோது, அதே நர்ஸ்தான் உங்களைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நுரையீரலில் புற்று என்றார்கள். அன்றே பீடியை விட்டீர்கள். ஒரு நாள் நீங்களாகவே சொன்னீர்கள்: "அந்தம்மா சொன்னதுதான் சரி. அடுத்த கூட்டத்துல நானே எந்திரிச்சுச் சொல்லிர்றேன்."

"மறந்துருவீங்க."

"நீ பக்கத்துல ஒக்காந்து கிள்ளு."

அடுத்த கூட்டம் வரை நீங்கள் இருக்கவில்லை. நம் வீட்டு வாசலில் யாரோ தாம்பாளம் வைத்தார்கள். படம் அடியில் போகும்படிதான் வைத்திருந்தார்கள். உங்களுக்கு மாலை போட்டவர்கள் ஆளுக்கொரு பீடி எடுத்துக்கொண்டு அங்கிட்டுப் போய் நின்றார்கள். நான் தட்டுக்கு அருகில்தான் நின்றேன். பெரியவர்கள் ஏதாவது சொல்வார்களே என்று பயந்து, எடுக்கச் சொல்லாமல் நின்றதோடு சரி.

கிராம சபை வந்தது. நான் எழுந்தேன். "ஓட்டு இல்லாத புள்ள தீர்மானம் கொண்டுவர முடியாதும்மா, ஒக்காரு" என்றார் ஊராட்சிச் செயலர். அப்போது பின் வரிசையிலிருந்து, கூட்டத்தில் ஒரு நாளும் பேசியிராத பெரியம்மா எழுந்தார்.

"அப்ப நான் சொல்றேன், எழுதிக்கங்க. தட்டுல பீடி வேணாம். அவுகளே வந்து சொல்றேன்னாக. வர முடியல."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தீர்மானத்தை எழுதிக்கொண்டார்கள்.

எல்லா வீட்டிலும் அது நடக்கவில்லை. போன வாரம் ஒரு காதுகுத்து வீட்டில் மறுபடியும் பீடி இருந்தது. எடுத்துவிடுங்கள் என்றேன். "ஒங்க பெரியப்பா வச்ச பழக்கம்தான ஆத்தா?" என்றார் வீட்டுக்காரர்.

"ஆமாங்க. நிறுத்தச் சொன்னதும் அவங்கதான்" என்றேன். அவர் கட்டைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டார்.

ஊராரிடம் சொல்ல இப்போது எனக்கு வாய் வருகிறது, பெரியப்பா. நீங்கள் கிடந்த அன்று நம் வாசலில் அந்த வாய் வரவில்லை. அதை இன்னும் பெரியம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.