நாங்கள் அழித்த இரண்டு மணி நேரம்

என் செல்ல எஸ்தருக்கு,

இந்த வருஷக் கல்ச்சுரல்ஸில் நம் கல்லூரி நாடகத்துக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. கதையில் ஒரு அம்மா, இரண்டு மகள்கள். மேடையில் மூன்று பேருமே பையன்கள். புடவை கட்டிக்கொண்டு இடுப்பை ஆட்டினார்கள், எல்லோரும் விசிலடித்தார்கள். பெண்கள் எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நீ போன பிறகு நோட்டீஸ் போர்டில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். மாணவிகளின் பாதுகாப்பைக் கருதி, வீட்டிலிருந்து வந்து போகும் பெண்கள் யாரும் வகுப்பு முடிந்தபின் வளாகத்தில் இருக்கக் கூடாதாம். ஹாஸ்டல் பெண்கள் நான்கு மணிக்குள் ஹாஸ்டலுக்குள் இருக்க வேண்டுமாம். நீ ஆறு மணிக்கு ஒரு பஸ் கேட்டாய். அவர்கள் நான்கு மணிக்கு ஒரு பூட்டுப் போட்டார்கள்.

இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேராது என்று தெரியும். மற்றவர்கள் படிக்கட்டும் என்றுதான் வெளிப்படையாக எழுதுகிறேன். ஒரு பொய்யை ஊரறிய எழுதினோம். அதை இல்லையென்று சொல்வதையும் ஊரறியத்தானே சொல்ல வேண்டும்?

உன்னை நான் முதலில் பார்த்தது முதல் வருஷப் பிள்ளைகளுக்கு வரவேற்பு கொடுத்த அன்று. நான் இரண்டாம் வருஷம், நாடகக் குழுவுக்குச் செக்ரட்டரி. யாராவது மேடைக்கு வாங்க என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். எல்லோரும் பெஞ்சுக்கடியில் தலையை நுழைத்துக்கொண்டார்கள். நீ நேராக வந்து, என் கையிலிருந்த கண்மைப் பென்சிலைப் பிடுங்கி, உன் மூக்குக்குக் கீழே மீசை வரைந்துகொண்டாய். இடுப்பில் கை வைத்து, தொப்பையை முன்னே தள்ளி, ஷூ கம்பெனி சூப்பர்வைசராக மாறினாய்.

“ஏம்மா, பாத்ரூம் போறதுக்கு எத்தினி நிமிசம்? அங்கயே குடித்தனம் வெச்சிட்டியா இன்னா?”

அரங்கமே குலுங்கியது. பாதிப் பேரின் அம்மாக்கள் அந்தப் பேச்சைத் தினமும் கேட்டுவிட்டு வருகிறவர்கள். எங்கேடி கத்துக்கின என்று கேட்டேன். “சும்மா வந்துச்சுக்கா” என்றாய். அன்றைக்கே உன்னை நாடகக் குழுவில் சேர்த்துவிட்டேன்.

சேர்த்துவிட்டேனே தவிர, நீ எப்படி வருவாய் என்று யோசிக்கவில்லை. நம் கல்லூரி வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. வகுப்பு மூன்றரைக்கு முடியும். நாடகம், பாட்டு, கபடி, எல்லாப் பயிற்சியும் மூன்றரைக்குத்தான் ஆரம்பம். பேரணாம்பட்டுக்குப் போகும் கல்லூரி பஸ் மூன்று நாற்பதுக்கு எடுத்துவிடுவார்கள். ஹாஸ்டலில் இருந்த எனக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரிந்ததில்லை. நீதான் சொன்னாய்.

“எனக்கு காலேஜ் லைஃப் டெய்லி பத்து நிமிசம்தான்க்கா. அதுக்குள்ள சிரிச்சிட்டு ஓடிப் போய் சீட்டு புடிக்கணும்.”

பயிற்சி உள்ள நாட்களில் நீ பஸ்ஸை விட்டுவிட்டாய். நாலரைக்குக் கிளம்பி, ரோட்டைக் கடந்து, ஷேர் ஆட்டோவில் ஆம்பூர் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போனாய். இப்படிப் போகிறவர்கள் எத்தனையோ பேர் என்று சொல்லி, ஆறு மணிக்கு ஒரு பஸ் விடும்படி மனு எழுதினாய். இரண்டு பக்கம் நிறையக் கையெழுத்து வாங்கினாய். பிரின்ஸ்பால் அறைக்குள் நீ போக, நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“டிராமா ஆடறதுக்கா பேரணாம்பட்டுலேர்ந்து வர்ற? டிகிரி வாங்க வர்றியா?”

“ரெண்டுக்கும்தான் சார்.”

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மனு மேசையிலேயே கிடந்தது. பஸ் வரவில்லை.

அந்த நாளைப் பற்றி எழுதத்தான் வேண்டும். போட்டிக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. செமினார் ஹாலில் எங்கள் ஆறு பேரோடு உன்னையும் சேர்த்து ஏழு பேர் இருந்தோம். நீ அதே சூப்பர்வைசராக நடிக்க, நான் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். நீ துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு பையை எடுத்தாய்.

“அக்கா, மணி அஞ்சே கால் ஆவுது. நான் கெளம்பறேன்.”

“ஒரே ஒரு தடவடி. கடைசி சீன் மட்டும்.”

“ஆட்டோ கெடைக்காதுக்கா.”

“அட, கெடைக்கும்டி. வா.”

நீ பையை இறக்கி வைத்தாய். கடைசிக் காட்சியை இன்னொரு முறை நடித்தாய். முதலில் நடித்ததைவிட நன்றாக இருந்ததா? எனக்குத் தெரியவில்லை. ஐந்தரைக்குப் போனாய். கல்லூரிக்கு எதிரிலேயே, ரோட்டைக் கடக்கும்போது, லாரி. ஆம்பூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குமேல் இதை எழுத என்னால் முடியவில்லை.

மூன்றாம் நாள் எங்கள் ஆறு பேரையும் பிரின்ஸ்பால் கூப்பிட்டார். டைப் அடித்த ஒரு தாள் மேசையில் இருந்தது. அன்றைக்கு நாடகப் பயிற்சி எதுவும் நடக்கவில்லை, மூன்றரைக்கு வகுப்பு முடிந்தபின் எஸ்தர் எங்களோடு இல்லை, எங்கே போனாள் என்று எங்களுக்குத் தெரியாது என்று அதில் இருந்தது.

“பர்மிஷன் இல்லாம அஞ்சரை வரைக்கும் ப்ராக்டிஸ் வெச்சது யாருன்னு போலீஸ் கேட்டா நான் இன்னா சொல்றது? போனவ போய்ட்டா. நீங்க ஆறு பேரு இருக்கீங்க, உங்க படிப்பு இருக்கு. செக்ரட்டரி யாரும்மா?”

நான்தான். முதலில் பேனாவை எடுத்ததும் நான்தான். எனக்குப் பின்னால் பிரவீன், மற்ற நான்கு பேர். அந்த அறையில் இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

நாங்கள் எழுதியது ஒரு சின்னப் பொய் என்று நினைத்தோம். கல்லூரிப் பேரைக் காப்பாற்ற, எங்கள் தலையைக் காப்பாற்ற. இறந்துபோனவளுக்கு இதில் என்ன நஷ்டம்? அடுத்த வாரம் கேன்டீனில் என் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பேசியது காதில் விழுந்தது.

“மூணரைலேர்ந்து அஞ்சரை வரைக்கும் எங்க இருந்தாளாம்?”

“எங்கன்னு கேக்காத. யார் கூடன்னு கேளு.”

அப்போதுதான் புரிந்தது, எஸ்தர். உன் வாழ்க்கையின் கடைசி இரண்டு மணி நேரத்தை நாங்கள் காலியாக்கி வைத்துவிட்டோம். காலியாக இருந்த இடத்தில் ஊர் ஒரு பையனைக் கொண்டுவந்து உட்கார வைத்தது. அவனுக்கு ஒரு பைக் கொடுத்தது. உன்னைப் பின்னால் வைத்து அந்தப் பைக் போனதைப் பார்த்தேன் என்று சொல்ல ஆளும் கிடைத்தது. பேச்சு பேரணாம்பட்டு வரைக்கும் போனது. உன் முப்பதாம் நாள் ஜெபக் கூட்டத்துக்குச் சொந்தக்காரர்களே பாதிப் பேர் வரவில்லையாம்.

உன் அம்மா கல்லூரிக்கு வந்தார். வேலை செய்யும் ஷூ கம்பெனியிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், கம்பெனி கொடுத்த நீல நிறக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பிரின்ஸ்பால் எங்கள் கையெழுத்துள்ள தாளைக் காட்டி அனுப்பிவிட்டார். வராந்தாவில் என்னைப் பார்த்துவிட்டு நின்றார்.

“நீதான சுகன்யா? வாய் தொறந்தா உன்னப் பத்தித்தான் பேசுவா.” என் முகத்தை நேராகப் பார்த்தார். “அந்த ரெண்டு மணி நேரம் எம் பொண்ணு எங்கம்மா இருந்தா? யார் கூட இருந்தாலும் பரவால்ல. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிஞ்சாப் போதும்.”

“தெரியலம்மா” என்றேன்.

போன் என் கையில்தான் இருந்தது. நீ சிரித்தது, நடித்தது, மணி சொன்னது எல்லாம் அதற்குள் இருந்தது. ஏன் காட்டவில்லை? பிரின்ஸ்பாலுக்குப் பயந்து என்று ஒரு வருஷத்துக்கும் மேலாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். உன்னை நல்லவள் என்று காட்டும் அதே வீடியோவில், உன்னைப் போகவிடாமல் நிறுத்திய என் குரலும் இருக்கிறது.

இந்தக் கோடையில் ஒரு சிநேகிதியைப் பார்க்க ஆம்பூர் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டு எதிரில் நம் கல்லூரியின் அட்மிஷன் ஃபிளெக்ஸ், ஆள் உயரத்துக்கு மேல். ‘துடிப்பான வளாக வாழ்க்கை! கலை, நாடகம், விளையாட்டு!’ நடுவில் நீ. வரவேற்பு விழாவில் எடுத்த போட்டோ, மையால் வரைந்த மீசையோடு, வாய் நிறையச் சிரிப்போடு. வகுப்புக்குப் பின் நீ எங்கே இருந்தாய் என்று தெரியாது என்று தாள் எழுதி வாங்கியவர்கள், பிள்ளை சேர்க்க உன் சிரிப்பை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

நான் பேரணாம்பட்டு பஸ்ஸில் ஏறினேன். அதற்குள் எனக்குக் கடைசிப் பரீட்சை முடிந்திருந்தது. என் தைரியத்துக்கு அதுவும் ஒரு காரணம். உன்னிடம் அதை மறைக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் உன் அம்மா வீட்டில் இருந்தார். உட்காரச் சொல்வதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, போனை நீட்டினேன். சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். நீ சூப்பர்வைசர் குரலில் பேச ஆரம்பித்ததும் கையை வாயில் வைத்துக்கொண்டார்.

“அடிப் பாவி. இது நான் பண்றது. கம்பெனிலேர்ந்து வந்து இவ கிட்டத்தான் பேசிக் காட்டுவேன். இவ விழுந்து விழுந்து சிரிப்பா. மேடைல போய்ப் பண்றான்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே.”

சிரித்தார், எஸ்தர். சத்தம் போட்டே சிரித்தார். அதற்குள் என் குரல் வந்தது. ஒரே ஒரு தடவடி. அந்த இடத்தை மட்டும் திரும்பப் போட்டுக் கேட்டார்.

“இது யாரு?”

“நான்தாம்மா.”

போனைக் கவிழ்த்துத் தரையில் வைத்தார். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடி நின்றது.

“அவ நின்னதுகூடப் போவட்டும். நீ கெட்டதுக்கா நிறுத்தின? ஆனா, நான் வந்து கேட்டனே. அவ்ளோ தூரம் வந்து உன் மூஞ்சியப் பாத்துக் கேட்டனே. அப்ப வாய் வரலையா உனக்கு?”

நான் அழுதேன். அவர் அழவில்லை. ஒரு தாளையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“அவருக்கு எழுதிக் குடுத்தல்ல? எனக்கும் எழுதிக் குடு.”

எழுதிக் கொடுத்தேன். வீடியோவையும் அவர் போனுக்கு அனுப்பினேன். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கம்பெனிச் சாப்பாட்டுக் கூடத்தில், டிபன் பாக்ஸ் மேல் போனைச் சாய்த்து வைத்து, சத்தத்தை முழுசாக வைத்து ஓடவிட்டிருக்கிறார். அவரே பிறகு சொன்னார்.

“எல்லாரும் சுத்தி வந்து பாத்தாங்க. அந்த சூப்பர்வைசரும் பாத்தான், வாயத் தொறக்கல. பைக்ல போனதப் பாத்தேன்னு சொன்னாளே ஒருத்தி, அவ மட்டும் பாதிச் சோத்துலயே எழுந்து கை கழுவப் போய்ட்டா.”

அவ்வளவுதான் நமக்குக் கிடைத்த வெற்றி. லாரிக்காரன் மேல் கேஸ் தனியாக நடக்கிறது. நான் எழுதிக் கொடுத்ததன் நகலை பிரின்ஸ்பால் வாங்கிப் படித்துவிட்டு, முடிந்துபோன விஷயம் என்றார். பிரவீன் போன் செய்து, “தோஸ்துன்னு நெனச்சேன், எங்க அஞ்சு பேரையும் பொய்யனாக்கிட்ட” என்று கத்தினான். நாம் எழுதியது பொய்தானே என்று கேட்டேன். கட் பண்ணிவிட்டான். மற்றவர்கள் போனையே எடுப்பதில்லை. எல்லோருக்கும் சான்றிதழ்கள் வந்துவிட்டன, என் நன்னடத்தைச் சான்றிதழ் மட்டும் இன்னும் வரவில்லை. பொய்க் கையெழுத்துப் போட்டபோது என் நடத்தை நன்றாகத்தான் இருந்தது.

உன் அம்மா கேட்பது ஒரே ஒரு கடிதம். ‘அன்று மாலை ஐந்தரை மணி வரை உங்கள் மகள் எங்கள் கல்லூரியில், எங்கள் மாணவர்களோடு இருந்தாள்’ என்று கல்லூரி முத்திரையோடு ஒரு வரி. அதற்காக மாதத்தில் இரண்டு முறை லீவு போட்டுவிட்டு வந்து பிரின்ஸ்பால் அறை வாசலில் உட்காருகிறார். நானும் என் ஊரான குடியாத்தத்திலிருந்து வருகிறேன். பக்கத்தில் உட்கார்ந்தால் தள்ளி உட்கார்ந்துகொள்கிறார். கொண்டுவந்த சோற்றை எனக்கும் தருகிறார், ஆனால் முகம் பார்த்துத் தருவதில்லை. என்னை மன்னித்தாரா என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதுகூட அவருக்கு நான் வைக்கும் இன்னொரு வேலைதானே?

போன வாரம் புதிதாக வந்த பியூன், உன் அம்மாவிடம் விவரம் கேட்டுவிட்டு என்னைக் காட்டினார்.

“இந்தப் பொண்ணு யாரும்மா உங்களுக்கு?”

சொந்தம் இல்லை, ஊர் இல்லை. என்ன சொல்லப் போகிறார்?

“சாட்சிப்பா” என்றார் உன் அம்மா. “எம் பொண்ணுக்கு சாட்சி.”

எஸ்தர், அந்தக் கடிதம் உன் அம்மா கைக்கு வரும்வரை நான் அந்த வாசலில் உட்காருவேன். வேலை கிடைத்தாலும் வருவேன், கல்யாணம் ஆனாலும் வருவேன். கேட்டை மூடினால் கேட்டுக்கு வெளியே உட்காருவேன். நீ எங்கே இருந்தாய் என்று யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், சொல்வேன்: என்னோடு இருந்தாள்.

நீ கூப்பிட்டதால் மட்டுமே
உன் அக்காவான
சுகன்யா