ஓட்டையை அடைக்காதே

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமா இருக்கணும், இந்த நிமிஷம் எனக்கு அதைத் தவிர வேற நெனப்பு இல்ல. இங்கே நாங்க நல்லா இருக்கோம்னு வழக்கம்போல அடுத்த வரியை எழுதப் போய் பேனாவை நிறுத்திட்டேன். உங்கம்மா உயிரோட இருக்கா, நானும் இருக்கேன், அதை மட்டும் பிடிச்சுக்கிட்டு மேலே படி. நேத்து போன்ல அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, அதான் பேசலன்னு சொன்னேனே, அது பொய். போன்ல சொல்லாம எதுக்குக் கடிதம்னு கேப்பே. போன்ல நான் பொய்தான் சொல்றேன், பார்த்தே இல்ல? எழுதினா அழிச்சாலும் அடிச்சது தெரியும். இதைப் பக்கம் பக்கமா படம் எடுத்து இன்னைக்கே உனக்கு அனுப்பித் தர்றேன்னு பக்கத்து வீட்டு நர்ஸம்மா சொல்லியிருக்காங்க, தபால்லயும் போடுறேன். நாளைக்கு சனிக்கிழமை. அதுக்குள்ள நீ இதைப் படிச்சாகணும்.

போன ஞாயித்துக்கிழமை நீ என்ன கேட்டே, ஞாபகம் இருக்கா? குட்டி தூங்குற ரூம் ஜன்னலுக்கு மேலே, ஏசி குழாய் போற ஓட்டையில குளவி போயிட்டு வந்துட்டு இருக்கு, என்னப்பா பண்றதுன்னு கேட்டே. நான் என்ன சொன்னேன்? இதெல்லாம் ஒரு வேலையா, கொஞ்சம் சிமெண்டைக் குழைச்சு அடைச்சு விடு, கதை முடிஞ்சுதுன்னு ஜம்பமா சொன்னேன். மாப்பிள்ளையும் பக்கத்துல இருந்து, சனிக்கிழமை லீவுல அடைச்சிடுறேன் மாமான்னார். புதன்கிழமை நான் அடைக்காதேன்னு செய்தி அனுப்பினதுக்கு நீ என்ன அனுப்பினே? ஒரு கட்டைவிரல் படம். அந்தக் கட்டைவிரலை நான் நம்ப மாட்டேன் கண்ணு. நீ என் மக. சரி சரின்னு தலையாட்டிட்டு உன் இஷ்டத்துக்குத்தான் செய்வே. நானும் அப்படித்தானே, ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்றேன்னு உங்கம்மாகிட்ட சரி சொல்லிட்டு, அவ கடைக்குப் போன நேரம் பார்த்துத்தானே அந்த வேலையைச் செஞ்சேன்.

இப்போ வெள்ளிக்கிழமை சாயந்திரம் நாலு மணி. கூடத்துல உன் பழைய ரூம் கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, தொடையில பலகையை வச்சு எழுதுறேன். கதவைச் சுத்தி டேப் ஒட்டியிருக்கேன், கீழ் இடுக்குல ஈரத் துண்டு. உள்ளே குளவி நூறோ இருநூறோ, எண்ணப் போறதில்ல. ஜன்னல் கண்ணாடியில முட்டுற சத்தம் இங்கே கேக்குது. அதுக்கும் மேலே, கூரைப் பலகைக்குள்ள, யாரோ நகத்தால பேப்பரைச் சுரண்டுற மாதிரி ஒரு சத்தம் விடாம வந்துட்டே இருக்கு. உங்கம்மா நர்ஸம்மா வீட்டு மாடியில இருக்கா. ஆறரைக்குக் குளவிக்காரர் வரணும், குளவிக் கூடு எடுக்கிறதுதான் அவருக்குத் தொழில். அதுவரைக்கும் காவல் நான்தான்.

நடந்ததைச் சொல்றேன். உன் ரூமுக்கு வெளிச்சுவர்ல பழைய சுடுதண்ணி குழாய் போன ஓட்டை ஒண்ணு இருக்கே, குழாயைக் கழட்டினதுக்கு அப்புறம் நாளைக்கு அடைக்கலாம் நாளைக்கு அடைக்கலாம்னு ஆறு வருஷமா விட்டது. ஊருக்கெல்லாம் ஒழுகல் அடைச்ச பிளம்பர் வீட்டு ஓட்டை! அதுல ரெண்டு மாசமா குளவி போய் வந்துட்டு இருந்துச்சு. உங்கம்மா, அதுங்க பாட்டுக்கு வருது போகுது, தோட்டத்துப் புழுவைத் தின்னுது, நமக்கென்ன, கை வைக்கிறதுன்னா தெரிஞ்ச ஆளை வச்சுச் செய்வோம்னா. நாப்பது வருஷம் ஓட்டை அடைச்சவனுக்கு இதுக்கு ஒரு தெரிஞ்ச ஆளான்னு எனக்கு ரோஷம். நான் பிடிச்ச முயலுக்கு மூணே கால். போன சனிக்கிழமை மத்தியானம், மழைக்கோட்டைப் போட்டுக்கிட்டு, ரெண்டு பங்கு மணல் ஒரு பங்கு சிமெண்ட், உள்ளே கம்பி வலையும் திணிச்சு, பளபளன்னு பூசி விட்டேன். வெளியே இருந்ததெல்லாம் சிமெண்டைச் சுத்திச் சுத்தி வந்துச்சு. உள்ளே இருக்கிறது செத்துப்போயிடும்னு கையைக் கழுவிட்டு வந்தேன். அடுத்த நாள்தான் நீ போன் பண்ணினே.

அது சாகல கண்ணு. அடைச்சா அது உள்ளேயே செத்துப்போற ஜாதி இல்ல. வாயால மரத்தைச் சுரண்டி மென்னு பேப்பர் செஞ்சு கூடு கட்டுறதுக்கு, ஒரு அட்டைப் பலகை எந்த மூலை? வெளிப்பக்கம் சிமெண்ட், உள்பக்கம் நம்ம கூரைப் பலகை. எது லேசோ அதைத் தின்னுட்டு வெளிச்சம் தெரியுற பக்கம் வந்துச்சு. செவ்வாய்க்கிழமை காலைல உங்கம்மா தையல் மிஷின்ல உட்காரலாம்னு அந்த ரூமைத் திறந்து லைட்டைப் போட்டா. கண்ணாடி பூரா குளவி. அவ கத்தின சத்தம் கேட்டு ஓடினேன். ஓடினவன் அவளை வெளியே இழுத்துக் கதவைச் சாத்தியிருக்கணும். நான் செருப்பைக் கழட்டி அடிச்சேன், புத்திசாலி. ரெண்டை நசுக்கினேன். நசுக்கினா அந்த வாசனைக்கே மத்ததெல்லாம் பாய்ஞ்சு வரும்னு எனக்கு அப்போ தெரியாது. எனக்குக் கையில மூணு இடம். உங்கம்மாவுக்குக் கழுத்துல ஒண்ணு, காதுக்குப் பின்னால ஒண்ணு.

எனக்கு வீங்கிச்சு, எரிஞ்சுச்சு, அவ்வளவுதான். ரெண்டு குளவிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமான்னு அவளைக் கிண்டல் வேற பண்ணினேன், அதை நெனைச்சா இப்போ நாக்கைப் பிடுங்கிக்கலாம்னு இருக்கு. ரெண்டு நிமிஷம் ஆகல, உடம்பெல்லாம் அரிக்குதுன்னா. வயிறு பூரா தடிப்புத் தடிப்பா. உதடு வீங்கிடுச்சு. என்னவோ சொல்ல வந்தா, சத்தம் கீச்சுன்னு வந்துச்சு, அப்புறம் சத்தமே இல்ல, கண்ணு மட்டும் என்னைப் பார்த்துட்டே இருந்துச்சு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. துணி காயப்போட்டுட்டு இருந்த நர்ஸம்மா சுவரேறிக் குதிச்சு வந்தாங்க, நிஜமாவே குதிச்சாங்க, அந்த வயசுல. அவங்க வீட்டுல எப்பவும் வச்சிருக்கிற அலர்ஜி ஊசியை ஓடிப்போய் எடுத்துட்டு வந்து, துணிக்கு மேலேயே தொடையில குத்தினாங்க. ஆஸ்பத்திரியில இன்னொண்ணு போட்டாங்க. ஒரு ராத்திரி வச்சிருந்து அனுப்பினாங்க. ரெண்டு வருஷம் முன்னால தோட்டத்துல ஒண்ணு கொட்டி, கை வீங்கிச்சே, அப்பவே உடம்பு அதை எழுதி வச்சுக்கிச்சாம். இனி ஒண்ணு கொட்டினா இதைவிட மோசமாவும் போகலாம்னு டாக்டர் என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னார். பேனா மாதிரி ஒரு ஊசி கொடுத்திருக்காங்க, அவ எங்கே போனாலும் கூடவே போகணும். நான் பழகுறதுக்குன்னு கொடுத்த மருந்தில்லாத ஊசியை வச்சுத் தலைகாணியில குத்திக் குத்திப் பழகிட்டு இருக்கேன். அந்தத் தலைகாணிக்கு இனி எந்தக் குளவியும் பயமில்ல.

குளவிக்காரர் வந்துட்டார், பேனாவை வைக்கிறேன்.

மணி எட்டு. முடிஞ்சுது. மனுஷன் ஒல்லியா ஒரு ஆள், வெள்ளை உடுப்பு, தலைக்கு வலை. வந்ததும் கருவியை எடுக்கல, தோட்டத்து ஓரமா இருவது நிமிஷம் சும்மா நின்னு பார்த்தார். எங்கேர்ந்து வருது, எங்கே போகுதுன்னு தெரியாம தொட்டவன்தான் கொட்டு வாங்குவான், அது பறக்குற வழியில நிக்காம இருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரின்னார். இருட்டுற நேரத்துல எல்லாம் கூடு திரும்பி அடங்கும், அப்பதான் கை வைக்கணுமாம். அப்புறம் சுவரைப் பார்த்தார். இதை யாரு அடைச்சதுன்னு கேட்டார். நான்தான்னேன். முதல்ல இதை உடைக்கணும், அதுக்கு வெளியே போக வழி இருந்தாத்தான் வீட்டுக்குள்ள வராதுன்னார். உளியும் சுத்தியலும் என் பெட்டியிலேர்ந்துதான் கொடுத்தேன். என்னை உள்ளே போய் கண்ணாடிக்குப் பின்னால நிக்கச் சொல்லிட்டார்.

லேசுல உடைஞ்சுதா? ஒரு அடி, ரெண்டு அடி, பத்து அடி. கம்பி வலை வேற திணிச்சிருந்தேனே. அடிக்க அடிக்கச் சுவருக்குள்ள அந்த இரைச்சல் ஏறிட்டே போச்சு, உள்ளே போக வழியில்லாம வெளியே திரிஞ்சதெல்லாம் அவர் முதுகுல அப்பிக்கிச்சு, வெள்ளை உடுப்பு கறுப்பாத் தெரிஞ்சுச்சு. இங்கே கூரையில சுரண்டுன சத்தம் நின்னு, என் தலைக்கு மேலேயே தபதபன்னு ஓடுற மாதிரி கேட்டுச்சு. டேப் எங்கேயாவது விட்டுச்சுன்னா தெருவுக்கு ஓடுறதா, கதவைப் பிடிக்கிறதான்னு தெரியாம ரெண்டு கையாலயும் கதவைப் பிடிச்சுட்டு நின்னேன். கால் மணி நேரம் ஆச்சு. என் வேலை உறுதியா இருக்கேன்னு நான் வெட்கப்பட்டது வாழ்க்கையில இன்னைக்குத்தான். கடைசியில உடைஞ்சுது, ஓட்டைக்குள்ள ஏதோ பொடியை ஊதினார். அந்த இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமா இறங்குச்சு. அப்புறம் ரூமுக்குள்ள போய் அங்கே இருந்ததையும் பொடி ஊதி அடக்கிட்டு, கூரைப் பலகையைக் கழட்டிக் காட்டினார், உன் கட்டிலுக்கு நேர் மேலே, பூசணிக்காய் அளவு கூடு, சாம்பல் நிறத்துல பேப்பர் சுத்திச் சுத்தி. அழகாத்தான் இருந்துச்சு, சும்மா சொல்லக் கூடாது. நாலு நாளைக்கு ஓட்டையைத் தொடாதீங்க, வெளியே இருக்கிறது திரும்பி வந்து பொடியில புரண்டு அதுவும் போகட்டும், எல்லாம் அடங்கினப்புறம் நான் வந்து பார்த்துச் சொல்றேன், அப்புறம் அடைங்கன்னார். அதுவரைக்கும் உங்கம்மா இந்த வாசலை மிதிக்கக் கூடாது. இன்னைக்கு என் வீட்டுச் சுவர்ல ஓட்டை திறந்து கிடக்குது, நான் கையைக் கட்டிட்டு உட்கார்ந்திருக்கேன்.

இனி சொல்லப் போறதுதான் எனக்குக் கஷ்டம். மூணு தடவை எழுதி அடிச்சிருக்கேன். திங்கக்கிழமை சாயந்திரமே உங்கம்மா என்னைக் கூப்பிட்டு, அந்த ரூம் கூரையில ஏதோ சுரண்டுதுங்க, பலகையில ஒரு இடம் ஈரம் மாதிரி கறுத்திருக்கு, வந்து பாருங்கன்னா. போய் நின்னு கேட்டேன். கேட்ட உடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஆனா அடைச்சது தப்புன்னு ஒத்துக்க வாய் வரல. அது எலிடின்னு சொல்லிட்டேன். எலிக்கு அவ பயப்பட மாட்டா, அதனாலதான் செவ்வாய்க்கிழமை காலைல யோசிக்காம கதவைத் திறந்தா. அவ கழுத்துல கொட்டினது குளவி இல்ல, நான். இதை அவகிட்ட நேருக்கு நேரா சொல்லணும்னு ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்து நெனைச்சேன், வீட்டுக்கு வந்து நெனைச்சேன், நர்ஸம்மா வீட்டு மாடிப்படி வரைக்கும் போய்த் திரும்பினேன். முடியல. நீ ஹாஸ்டல்ல படிச்ச காலத்துலேர்ந்து நான் உனக்கு எழுதுறதை எழுத்துப்பிழை பார்க்கிறேன்னு வாங்கி, முழுசாப் படிச்சுட்டுத்தான் அவ உறையை ஒட்டுவா. இன்னைக்கும் வாங்கிப் படிப்பா. அதுக்காகவும்தான் இந்தக் கடிதம்னு வச்சுக்கோ.

இப்போ உன் விஷயம். நாளைக்கு மாப்பிள்ளை சிமெண்டைக் குழைக்கிறதுக்கு முன்னால இதைப் படிச்சுக் காட்டு. குட்டியை இன்னைக்கே உங்க ரூமுக்கு மாத்து, அந்த ரூமைச் சாத்தி வை, ஜன்னலைத் திறக்காதே. மருந்து அடிக்கிறேன், நெருப்பு காட்டுறேன், தண்ணி பீச்சுறேன்னு வீரம் காட்டாதீங்க. ஒண்ணு ரெண்டு உள்ளே வந்தா அடிக்காதே, விளக்கை அணைச்சுட்டு ஆள் வெளியே வந்து கதவைச் சாத்து. இனிப்புத் தண்ணிப் பாட்டிலைத் திறந்து வைக்காதே, உள்ளே போய் உட்கார்ந்திருக்கும், குழந்தை வாயில வச்சிடும். உங்க ஊர்லயும் இதுக்கு ஆள் இருப்பாங்க, கூப்பிடு. அப்பா சொன்னாரேன்னு செய்யாதே, அப்பா சொன்னதைத்தான் செய்யாதேன்னு சொல்றேன். வாழ்நாள் பூரா என் பேச்சைக் கேளு கேளுன்னு உன்னை வாட்டினவன், இந்த ஒண்ணை மட்டும் கேக்காதேன்னு கெஞ்சுறேன். எனக்குக் கட்டைவிரல் வேண்டாம். ஓட்டை திறந்திருக்குதுன்னு படம் எடுத்து அனுப்பு, தூரமா நின்னு எடு. நூறு வருஷம் நல்லா இரு. மாப்பிள்ளைக்கு என் அன்பு, குட்டிக்கு ரெண்டு கன்னத்துலயும் முத்தம்.

இப்படிக்கு,
தன் கையால அடைச்சதை இன்னொருத்தர் கையால உடைக்க வச்ச
உன் அப்பா

கண்ணு, அம்மா எழுதுறேன். படிச்சேன். பிழை ஏழு இருந்துச்சு, திருத்தல. எலின்னா இந்த மனுஷன் பொறி வைக்காம அன்னைக்குச் சாப்பிட உட்கார்ந்திருக்க மாட்டார். திங்கக்கிழமை பொறி பரண்லயே கிடந்துச்சு, அது எலி இல்ல, குளவிதான்னு அப்பவே எனக்குத் தெரியும். அவர் வாயாலயே வரட்டும்னு வீம்புக்கு நானும் எதுவும் கேக்கல, வீம்புக்குத்தான் கதவையும் திறந்தேன். இதை அவருக்கும் படிக்கக் கொடுத்துட்டுத்தான் ஒட்டுவேன். இப்போ மாடிப்படியில உட்கார்ந்து நான் என்ன சொல்லப் போறேன்னு என் மூஞ்சியையே பார்த்துட்டு இருக்கார், இன்னும் சாப்பிடல. சீக்கிரம் படத்தை அனுப்பு.