கூரைமேல் ஏறிய உன் அப்ப

நாபோக்லு,
ஆகஸ்ட் 19

என் செல்ல மகள் நீலம்மாவுக்கு அவ்வ எழுதுவது. இக்குத்தப்பன் அருளால் இங்கே நாங்கள் இருவரும் சுகம், வெலிங்டன் குளிரில் நீயும் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்கவேண்டும். கக்கட மாதம் முடிந்தும் மழை விடவில்லை, காப்பிக் காய் பாதி உதிர்ந்துவிட்டது, துணி எதுவும் காயவில்லை. போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, பொறுமையாகப் படி.

பத்து நாளாக டிவி எங்களைப் படுத்திவிட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று படம் உறைந்து சிக்னல் இல்லை என்று எழுத்து வரும், கொஞ்ச நேரத்தில் தானாகவே திரும்பி வரும். மழை மேகம்தான் என்றார் உன் அப்ப, வெயில் அடித்த அன்றும் போனது. சில்வர் ஓக் மறைக்கிறது என்று கிளையை வெட்டவைத்தார், அப்போதும் போனது. போன ஞாயிற்றுக்கிழமை ஹாக்கி இறுதி ஆட்டம், இரண்டு பக்கமும் சமம், முடிய நாலு நிமிடம் இருக்கும்போது படம் நின்றுவிட்டது. அவ்வளவுதான், அறுபத்தெட்டு வயதில் பாசி பிடித்த ஓட்டின்மேல் ஏறிவிட்டார். அவர் டிஷ்ஷைத் திருப்பவேண்டும், நான் டிவியில் சிக்னல் அளவைப் பார்த்து ஜன்னல் வழியாகச் சொல்லவேண்டும். எழுபதுக்கு வந்ததும் போதும் நிறுத்துங்க என்று தொண்டை கிழியக் கத்தினேன், அவர் திருப்பிக்கொண்டே போனார், இருந்ததும் போயிற்று. இறங்கி வந்து, “வாயில என்ன கடம்புட்டு உருண்டையா வச்சிருந்தே, சொல்லத்தானே உன்னை நிறுத்தினேன்” என்றார். “ஊருக்கே கேட்டுச்சு, உங்களுக்குத்தான் திமிரு” என்று நானும் விட்டேன். இரண்டு நாள் பேச்சே இல்லை, சோறு மட்டும் எடுத்து வைத்தேன்.

செவ்வாயன்று மடிக்கேரியிலிருந்து டிஷ் பழுது பார்க்கும் ஜத்தப்பா வந்தார், இருபது வருடமாக இதே வேலை அவருக்கு. மேலே ஏறி ஒயர் முனையைக் கழற்றிக் காட்டினார், மழைத் தண்ணீர் புகுந்து உள்ளே கம்பியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. காற்று அடித்து ஒயர் ஆடினால் சிக்னல் போகுமாம், ஆடாவிட்டால் வருமாம். முனையை வெட்டிப் புதுசு போட்டு டேப் சுற்றினார். ஏணிக்குக் கீழே உன் அப்ப மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். “ஐயா, அந்த ஸ்பேனரை எடுங்க” என்று ஜத்தப்பா மூன்று தடவை கேட்டார், அவர் திரும்பவேயில்லை. ஜத்தப்பா இறங்கி வந்து என்னிடம் மெதுவாக, “டிஷ் சரியாயிடுச்சும்மா, ஐயா காதை யார்கிட்டயாவது காட்டுங்க” என்றார். திமிரு என்று சொன்னேனே.

அன்று சாயங்காலம் காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, முகத்துக்கு நேராக மெல்லக் கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்தார். “ரெண்டு வருஷமாவே நீ பேசுறதுல பாதிதான் வருது, மிச்சத்தை நானா நிரப்பிக்கிறேன்” என்றார். நீ போன் செய்தால் நல்லாயிருக்கேன், அவ்வகிட்ட கொடுக்கிறேன் என்று உடனே என்னிடம் தள்ளிவிடுவாரே, சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட கோபம் இன்னும் தீரவில்லை என்று நீ மே மாதம் அழுதாயே, அதையும் கேட்டேன். “போன்ல அவ குரல் ஈ பறக்கிற மாதிரிதான் கேட்குது, ஏடாகூடமா எதையாவது சொல்லி வச்சா புள்ள மனசு நோகுமேன்னுதான்” என்றார்.

வெள்ளிக்கிழமை மைசூரில் காது டாக்டரைப் பார்க்கிறோம், வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டுதான் சம்மதித்தார். கண் நன்றாகத் தெரிகிறது, ஆகையால் நீ அவருக்குக் கடிதம் எழுது, உறையில் என் பெயர் வேண்டாம், அவர் பெயரையே போடு. மாப்பிள்ளைக்கு என் ஆசி, இருவரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் நூறு வருடம் இருங்கள். எழுதியதை அவரிடம் படிக்கக் கொடுத்தேன், அடியில் இடம் விடச் சொன்னார், விட்டிருக்கிறேன்.

உன் அவ்வ,
பொள்ளம்மா

நீலம்மா, கோபம் இருந்தது. இரண்டு மாதம். அதோடு சரி. செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. உன் கணவருக்கு ஹாக்கி பிடிக்குமா, எழுது. — அப்ப